நகரசபையில் நான் கேட்காத கேள்வி

1

அயர்லாந்தில் இருக்கிற என் தங்கச்சி ரஞ்சி, போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, தன் மகனுடைய விஷயம் பாராளுமன்றத்தில் பேசப்பட்டுவிட்டது என்றாள். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய விஷயம் அரசாங்கத்தின் வாய்க்குள் போவது நல்லதுக்கு என்று நான் பழகவில்லை. ஆறு வயதுப் பிள்ளை அப்படி என்ன செய்தவன் என்று கேட்டேன்.

"அவன் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. அவனுக்கும் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. அதைத்தான் கேட்டிருக்கினம்."

அவனுக்குப் பேச்சுக் கொஞ்சம் பிந்தி வருகிறது. பயிற்சி கொடுக்கிறவரிடம் போவதற்கு இரண்டு வருடமாக வரிசையில் நிற்கிறான். ரஞ்சி போய்த் தன் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சனிக்கிழமைகளில் ஓர் இறைச்சிக் கடைக்கு மேலே உள்ள அறையில் கதிரை போட்டு இருப்பாராம். யாரும் போகலாமாம். இவள் சொன்னதை எழுதி எடுத்தவர், பிறகு சபையில் எழும்பிக் கேட்டுவிட்டார்.

அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். மூன்று தரம் பார்த்தேன். மனிதர் கேட்டது மூன்றே மூன்று: இந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஆகக் கூடுதலாகக் காத்திருக்கிற பிள்ளை எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறது, இதற்கு யார் பொறுப்பு. கேட்டுவிட்டுத் தன் கதிரையில் இருந்துவிட்டார். வணக்கம் இல்லை, குறள் இல்லை, ஒரு பழமொழிகூட இல்லை. அமைச்சர் எழும்பிக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், தாளைப் புரட்டினார். வாய்ப்பாடு பாடமாக்காமல் வந்த பெடியன் மாதிரி அவர் நின்றதைப் பார்க்க எனக்கு இரக்கமே வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் மருமகனுக்கு இடம் கிடைத்தது. கேட்டதால்தான் கிடைத்தது என்று ரஞ்சி சத்தியம் செய்யமாட்டாள். கேட்ட பிறகுதான் கிடைத்தது என்று மட்டும் சொல்வாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனால் கேள்வி கேட்பது அவர்கள்தான். எந்த ஊர், எந்த வட்டாரம், நேற்று ஏன் வரவில்லை. இந்த ஜேர்மனியில் வந்து இறங்கிய அன்றும் அதே கதை. எந்த வழியால் வந்தாய், யார் கூட்டிவந்தது, ஏன் வந்தாய். முப்பத்தெட்டு வருடமாக நான் பதில் சொல்லுகிற ஆளாகவே இருந்திருக்கிறேன். இங்கத்தைய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் முடிந்து எழும்பும்போது, "உங்களுக்கு வேறு ஏதாவது கேள்வி உண்டா?" என்று மரியாதைக்குக் கேட்பார்கள். நாங்கள் எல்லோரும் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டு "நைன், டாங்கே" என்போம். இல்லை, நன்றி. அந்த இரண்டு சொல்லும் எனக்கு இருமல் மாதிரி, தானாக வரும்.

2

என் நகரத்தின் பெயரை எழுதவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் என்பதோடு நிற்கட்டும். எழுதினால் என் மகள் திரும்பவும் என்னோடு கதைக்காமல் விடுவாள்.

நான் இங்கே ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மற்ற நேரத்தில் எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர். வரவேற்புரை, நன்றியுரை இரண்டையும் பதினெட்டு வருடமாக வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மன்னாரைச் சேர்ந்த அந்தோனி அண்ணையும் அவருடைய மனைவி றோசா அக்காவும் எங்களுக்கு முன்பே இந்த நகரத்துக்கு வந்தவர்கள். அண்ணை மீன் பதனிடுகிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அக்கா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவ. எங்களுக்குள் ஆகத் திறமான டொச், அதாவது ஜேர்மன் மொழி, அவவுடையதுதான். டொச்சில் பகிடி விட்டு டொச்சுக்காரரைச் சிரிக்கவைக்க எங்களில் அவவால் மட்டும்தான் முடியும். நான் விட்டால் எனக்காக இரக்கப்படுவார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, ஆனால் தமிழ் மட்டும்தான் வந்தது. நாற்பது வருடம் சேர்த்த டொச் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டது. அப்படியும் நடக்கிறதுண்டு என்று டொக்டர் சொன்னார்.

அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. சக்கர நாற்காலியோடு அங்கே ஏற ஏலாது. அதனால் அக்காவைப் பக்கத்து நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டிருந்தார்கள். அண்ணை ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிப் போவார். அவர் போகிற வரைக்கும் அங்கே அக்காவோடு கதைக்க ஒருவர் இல்லை. தாதிமார் நல்ல பிள்ளைகள். தலை தடவுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அவவுக்குத் தண்ணீர் விடாய்க்கிறதா, யன்னலை மூட வேண்டுமா என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் பகல் முழுக்க அக்கா "குளிருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாவாம். அவர்கள் அதைப் பாட்டு என்று நினைத்து நல்லாயிருக்கிறது என்று கை தட்டியிருக்கிறார்கள்.

அண்ணை இதை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கடையில் வாங்க வேண்டியது இருக்கு என்று எழும்பிப் போய்விட்டார்.

நகரசபையிடம் கீழ்த்தள வீடுகள் சில இருக்கின்றன. நடக்க முடியாதவர்களுக்கென்றே வைத்திருப்பவை. அதில் ஒன்றுக்கு அண்ணை அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார். பதினாலு மாதம். நான்கு தரம் கடிதம் எழுதி விசாரித்தோம். நான்கு தரமும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

3

இனி என் மகள் துளசி. இருபத்தொன்பது வயது. இந்த நகரத்திலேயே பிறந்து, இதே நகரசபையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, இப்போது அங்கே சமூகப் பிரிவில் உத்தியோகம். அந்தோனி அண்ணையின் அன்ட்ராக் கிடந்த அதே பிரிவு.

என் நிலைமையை விளங்கிக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவருடைய மகள் கச்சேரியில் இருந்தால் அரை ஊரின் அலுவல் அவருடைய குசினியில் முடிந்துவிடும். நானும் அந்தோனி அண்ணையிடம், "என்ர பிள்ளை உள்ளுக்கைதானே இருக்கிறாள், நீங்கள் யோசியாதேங்கோ" என்று முதல் மாதமே சொல்லிவிட்டேன். மகளிடம் கேட்டது அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில்.

"அந்தோனி மாமாவின்ர அலுவல் எங்க நிக்குது எண்டு ஒருக்காப் பாரன்."

"ஏலாது அப்பா."

"ஏன் ஏலாது? உன்ர கொம்பியூட்டருக்கைதானே கிடக்கு."

"அதுதான் ஏலாது."

தெரிந்தவர்களுடைய கோப்பைக் காரணமில்லாமல் திறக்கக்கூடாதாம். திறந்தால் யார் திறந்தது, எத்தனை மணிக்கு என்று பதிவாகுமாம். இன்றைக்கு மாமாவுக்காகத் திறந்தால் நாளைக்கு யாரோ ஒருவன் எங்களுடைய கோப்பைத் தன் கூட்டாளிக்காகத் திறப்பான், அது உங்களுக்குச் சரியோ என்று கேட்டாள். பதில் தெரியாத தகப்பன்மார் சொல்லுகிறதைச் சொன்னேன்: "உன்னை வளர்த்தது நாங்களோ, டொச்சுக்காரரோ?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. என் மனைவி சாந்தி ஏழு ஞாயிறும் அவளுக்கும் சேர்த்துச் சமைத்து, அந்தச் சாப்பாட்டைத் திங்கட்கிழமை எனக்குத் தந்தாள். அதுதான் தண்டனை.

4

ரஞ்சியின் வீடியோ வந்தது அந்தக் காலத்தில்தான். நான் எங்கள் நகரசபையின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அங்கே ஒரு அதிசயம் கிடந்தது. நகரசபைக் கூட்டத்தில் இந்த நகரத்தில் வசிக்கிற எவரும் எழும்பிக் கேள்வி கேட்கலாமாம். அதற்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு டொச்சில் உள்ள பெயர் ஒரு சரக்கு ரயில் நீளம். ஒருவருக்கு மூன்று நிமிடம். நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக இது என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. நான் அந்த மண்டபத்துக்கு எதிரே கார் நிறுத்துவேன், உள்ளே போனதில்லை.

இரண்டு கிழமை உரை எழுதினேன். உரை என்றேனா? கேள்வி. சாந்தி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். நான் வாசித்து முடிக்கும்போது அவள் வெங்காயத்தை முடித்து, கத்தரிக்காயையும் முடித்திருந்தாள்.

"இதுக்குள்ள கேள்வி எங்கயப்பா கிடக்கு?" என்றாள்.

"மூண்டாம் பக்கத்தில."

"அப்ப மூண்டாம் பக்கத்தை மட்டும் கொண்டு போங்கோ."

மனைவிமார் சொல்லுகிற புத்தியை அந்த நேரத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? சபைக்குப் போகிறவன் சபைக்கு வணக்கம் சொல்லாமல் வாயைத் திறக்கலாமா? அயர்லாந்துக்காரருக்கு வளர்ப்பு அப்படி, எங்களுக்கு இப்படி என்றேன்.

5

கூட்டம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தானைப் பூட்ட முடியவில்லை, ஆனால் கோட் கோட்தான். அந்தோனி அண்ணை வெள்ளைச் சேர்ட்டோடு, பூசைக்குப் போகிற மாதிரி வந்து பக்கத்தில் இருந்தார்.

தலைமை தாங்கியது ஒரு பெண். நரைத்த கட்டைத் தலைமயிர், முன்னால் ஒரு சின்ன மணி. என் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டா. நான் எழும்பினேன். தவிசாளருக்கு வணக்கம் சொன்னேன். நகர முதல்வருக்குச் சொன்னேன். ஒவ்வொரு கட்சி உறுப்பினர்களுக்கும் தனித்தனியாகச் சொன்னேன், ஒரு கட்சியை விட்டால் மற்றவன் என்ன நினைப்பான்? அதிகாரிகளுக்கு, பத்திரிகைக்காரருக்கு, வர விரும்பியும் வர முடியாமல் போனவர்களுக்கு. பிறகு எங்களை ஏற்றுக்கொண்ட இந்த நாட்டுக்கு நன்றி. இந்த நகரத்தின் மரங்களுக்கு நன்றி. பஸ் சேவைக்குக்கூட நன்றி சொன்னேன். ஒரு உறுப்பினர் கன்னத்தில் கை வைத்து, உண்மையான அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக "நிற்க" என்பதற்கு டொச்சில் நான் கண்டுபிடித்து வைத்திருந்த வசனத்தைச் சொல்லி, விஷயத்துக்கு வர மூச்சு எடுத்தேன். மணி அடித்தது.

தவிசாளர் நல்லவ. இவ்வளவு அழகான வணக்கம் இந்தச் சபையில் இதுவரை யாரும் சொன்னதில்லை என்றா. பிறகு மெல்லக் கேட்டா: "உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா?"

என் வாய் தானாகச் சொன்னது: "நைன், டாங்கே."

சொல்லிவிட்டு இருந்தும் விட்டேன். இருந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் மோசம். என் உரையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். பதினாலு மாதத்தில் கிடைத்த ஒரே ஒரு வழி. அதை நான் மரங்களுக்கு நன்றி சொல்லித் தீர்த்துவிட்டேன்.

வேறு யாராவது என்று தவிசாளர் கேட்டா. என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அந்தோனி அண்ணை எழும்பி நின்றார். அவருடைய டொச் மீன் தொழிற்சாலை டொச். வினைச்சொல் எங்கே விழுகிறதோ அங்கே கிடக்கும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"என்ர மனுசி பாரிசவாதம் வந்து இல்லத்தில இருக்கிறா. அவவுக்கு இப்ப டொச் தெரியாது. அங்க தமிழ் ஒருத்தருக்கும் தெரியாது. கீழ்வீட்டுக்கு எழுதிப் பதினாலு மாசம். அவ எப்ப வீட்ட வாறது?"

இருந்துவிட்டார். கன்னத்தில் கை வைத்திருந்தவர் கையை எடுத்திருந்தார். தவிசாளர் நிர்வாகத்தின் பக்கம் திரும்பினா. சுவரோரம் அதிகாரிகளுக்குப் போட்டிருந்த நீள வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது. பிரிவின் தலைவர் விடுமுறையில் என்பதால் அவருக்குப் பதிலாக வந்திருக்கிறதாம். துளசி. அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள். என் வணக்கம் முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

அவள் அந்தோனி அண்ணையைப் பார்த்துச் சொன்னாள். "பதினாலு மாதம் ஏன் எடுத்தது என்று எனக்கு இப்போது தெரியாது. அதை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வரும். வராவிட்டால் என்னைக் கேளுங்கள்."

பிறகு கூட்டக் குறிப்பு எழுதுகிறவருக்காகத் தன் முழுப்பெயரையும் சொன்னாள். அவளுடைய பெயரின் பின்பாதி என்னுடைய பெயர். அதை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக் கொடுத்தாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

6

அடுத்த கிழமையே அந்தோனி அண்ணைக்கு நேரில் வரச்சொல்லி டெர்மின் வந்தது. மொழிபெயர்க்க நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் துளசி. எழும்பிக் கை கொடுத்தாள். டொச்சில், மரியாதைப் பன்மையில், நீங்கள் மொழிபெயர்ப்பாளராக வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள்.

நான் தொட்டிலில் ஆட்டிய பிள்ளை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றி என்று திருப்பித் தந்தாள். அந்தோனி அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க இருந்தார்.

சபையில் பதில் சொன்னதால் கோப்பு இனி அவளுடைய பொறுப்பு, அதனால் திறந்தாள். விஷயம் சின்னது. வீடு அக்காவின் நிலைமைக்காகக் கேட்டது. எனவே எங்கே இருக்க விருப்பம் என்று அக்காவே சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் படிவத்தை இல்லத்து முகவரிக்கு, அக்காவின் பெயருக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து தரம். பதில் வரவில்லை. பதில் வரும் வரைக்கும் பரிசீலனையில் உள்ளது.

எந்தக் கடிதம் என்று அண்ணை கேட்டார். எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள் மண்ணிறக் கடித உறைகள் கிடந்தன. உடைக்காதவை. இல்லத்தின் காகிதங்கள் என்று நினைத்தேன். ஞாயிறு ஞாயிறாக நான் கொண்டுபோகிற தோடம்பழத்தை, மேசை பழுதாகாமல் இருக்க, அந்த உறைகளை எடுத்துப் போட்டு மேலே வைத்துத்தான் வெட்டினேன். ஊருக்கெல்லாம் டொச்சுக் கடிதம் வாசித்துக் கொடுக்கிற செயலாளர்.

சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எதிரே இருந்தது அவள்.

துளசி கோப்பை மூடி வைத்தாள். பிறகு தமிழுக்கு மாறினாள். "ஐஞ்சு கடிதம் போட்டிருக்கிறம். ஒருக்கால்கூட ஃபோன் பண்ணிக் கேட்கேல்லை. அது எங்கட பிழை, மாமா."

"அதுக்கு மேல தோடம்பழம் வெட்டினது என்ர பிழை" என்றேன்.

"அதுக்கு இஞ்ச படிவம் இல்லை" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள்.

7

துளசி தபாலில் அனுப்பாமல் படிவத்தைத் தானே இல்லத்துக்குக் கொண்டுவந்தாள். அவள் சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய தமிழுக்கு இன்னும் எட்டு வயதுதான். அந்தத் தமிழோடு கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு, அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்.

"மாமி, உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?"

றோசா அக்கா அவளைப் பார்த்தா. கால்மாட்டில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தோனி அண்ணையைப் பார்த்தா. சொல் வர நேரம் எடுத்தது.

"இவருக்குச் சமைக்கத் தெரியாது" என்றா.

"பதினாலு மாசமாச் சமைச்சுத்தானே சாப்பிடுறன்" என்றார் அண்ணை.

"ஆளைப் பார்க்கத் தெரியுது."

நான் உடனே முன்னுக்கு வந்தேன். எழுதும்போது, தன் மிகுதி வாழ்நாளைக் கணவரின் அன்பான அரவணைப்பில் கழிக்க விரும்புகிறா என்று டொச்சில் போடலாம், வசனத்தை நான் சொல்லுகிறேன் என்றேன். துளசி தலையை நிமிர்த்தவில்லை.

"அவ சொன்னதைத்தான் எழுதுறது அப்பா."

காரணம் என்று போட்டிருந்த கட்டத்துக்குள் எழுதினாள்: என் கணவருக்குச் சமைக்கத் தெரியாது.

வலக்கை வராது. இடக்கையில் பேனையைக் கொடுத்தாள். அக்கா தமிழில்தான் கையெழுத்து வைத்தா. ஒவ்வொரு எழுத்தும் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போயிற்று. முடிக்கும் வரை துளசி கடதாசியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது செல்லுமோ?" என்று கேட்டேன். அரச கந்தோர் ஒன்றிடம் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"நான் செல்லும் எண்டு எழுதினால் செல்லும்" என்றாள். அக்காவின் எழுத்துக்குக் கீழே அப்படியே எழுதி, தன் பெயரையும் போட்டாள்.

அதற்கு ஒன்பதாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, நானும் சாந்தியும் அவர்களுக்குக் கிடைத்த கீழ்வீட்டுக்குப் போனோம். மீன் வாசம் தெரு வரைக்கும் வந்தது. அண்ணை அடுப்படியில் வியர்த்துக்கொண்டு நின்றார். அக்கா சக்கர நாற்காலியில், சட்டிக்குள் பார்க்கக்கூடிய உயரத்தில், பக்கத்தில் இருந்தா. எங்களைக் கண்டு அண்ணை திரும்ப, அவ விடவில்லை.

"புளி காணாது. இன்னும் விடுங்கோ."